அச்சில் ஓர் அமானிதம்

செய்யுள் நூலில் ஒரு சொல் விடுபட்டால் அந்த அடி நொண்டும். யாப்பறிந்தவர் செவி உடனே அதனைக் கண்டுகொள்ளும். சீறாப்புராணத்தை ஓதக் கேட்டு வளர்ந்த தலைமுறையில், எழுத்தறியாத மூதாட்டியும் "இங்கே ஏதோ குறைகின்றதே" என்று சொல்லும் அளவுக்குச் செவிப்பழக்கம் இருந்தது. எதுகையும் மோனையும் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. அவை காவல். 1842ஆம் ஆண்டில் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் அச்சேறும் வரை, உமறுப்புலவரின் காப்பியம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஏட்டிலும் நாவிலும் நிலைத்திருந்தது என்றால், அக்காவலுக்கும் அதில் பங்குண்டு.

உரைநடைக்கு அக்காவல் இல்லை. நாவலில் ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டால் பக்கம் முன்போலவே சீராக இருக்கும். ஓர் அத்தியாயத்தையே எடுத்துவிட்டாலும், கை தேர்ந்தவர் தையல் தெரியாமல் ஒட்டிவிடலாம். இறைமறையை நெஞ்சில் சுமக்கும் ஹாஃபிழ்கள் ஊர்தோறும் உண்டு. தராவீஹ் தொழுகையில் இமாம் ஒரு சொல் தவறினால் பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எடுத்துக் கொடுக்கின்றான். நாவலுக்கோ ஹாஃபிழ் எவரும் இல்லை. அதனை அச்சிட்ட தாளே அதற்கு நெஞ்சம். அத்தாளை ஆக்குகின்றவரின் நாணயம் ஒன்றே அதற்கு யாப்பு.

ஒரு நாவலின் வெவ்வேறு பதிப்புகளை இனம் பிரித்தறிவது நூலகத்தாரின் அலுவல் என்றும், பழம்புத்தக வணிகரின் நுணுக்கம் என்றும் நம்மவர் ஒதுக்கி வருகின்றனர். கதை தெரிந்தால் போதாதா, எந்தப் பதிப்பாயிருந்தால் என்ன என்று கேட்பவர் படித்தவரிடையேயும் பலர். இஃது அறம் பற்றிய வினா என்பது என் துணிபு. அதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாக வைக்கின்றேன்.

எங்கள் சத்துவாச்சாரியில் நூல் விருப்பமுடைய சிலர் கூடி, பள்ளி மாணவர்க்காக இலக்கிய வினாடிவினா ஒன்று நடத்தினோம். பொன்னியின் செல்வன் பற்றிய சுற்றில் கருத்திருமனைப் பற்றி நடுவர் ஒரு கேள்வி கேட்டார். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படி யாரும் அந்தக் கதையில் வரவில்லை சார்" என்றாள். அவையில் சிரிப்பு எழுந்தது. நாவலைப் படிக்காமலே வந்துவிட்டாள் என்று பலரும் எண்ணினர். அவளோ மறுநாள் தன் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் அவளுடைய அம்மா, புத்தகக் கண்காட்சியில் விலை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கித் தந்தது. ஒரே தொகுதி. முகப்பில் நாவலின் பெயரும் கல்கியின் பெயரும் பெரிதாக நின்றன. புரட்டிப் பார்த்தால் பல அத்தியாயங்கள் இல்லை. கருத்திருமன் இல்லவே இல்லை. "சுருக்கம்" என்னும் சொல்லை அட்டையிலும் உள்தாளிலும் பின்புறத்திலும் தேடினோம், எங்கும் காணவில்லை.

அவள் பொய் சொல்லவில்லை. நடுவரும் பொய் சொல்லவில்லை. ஒரே பெயரைச் சூடிய இரண்டு வெவ்வேறு நூல்களைப் பற்றி இருவரும் மெய்யே பேசினர். பொய் சொன்னது அந்த முகப்பு ஒன்றுதான். அதன் பொய்க்குரிய தண்டனையோ, நேர்மையாகப் படித்து நேர்மையாக விடை சொன்ன பெண்ணின் தலையில் விழுந்தது. எந்தப் பதிப்பாயிருந்தால் என்ன என்பார்க்கு என் முதல் விடை இதுவே.

கல்கியின் இந்நாவல் 1950 முதல் 1954 வரை அவருடைய வார இதழில் மணியத்தின் ஓவியங்களோடு தொடராக வந்து, பின் ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்றது. அவருடைய நூற்றாண்டான 1999இல் தமிழக அரசு அவர் எழுத்துக்களை நாட்டுடைமையாக்குவதாக அறிவித்தபின், எவரும் அச்சிடலாம் என்றாயிற்று. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஏழை வீட்டிலும் அந்நூல் புகுந்தது. எவரும் அச்சிடலாம் என்பதை எப்படியும் அச்சிடலாம் என்று சிலர் பொருள் கொண்டதே கேடு. 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படம் வந்தபோது புதிதாக வாங்கியவர்களில் எத்தனை பேர் தம் கையிலிருப்பது முழுநூலா என்று பார்த்திருப்பர்?

பார்ப்பது எவ்வாறு என்பதையும் சொல்லவேண்டும். தலைப்புப் பக்கத்தின் பின்புறமே ஒரு நூலின் பிறப்புச் சான்றிதழ். அங்கே "பதிப்பு" என்றும் "அச்சு" என்றும் இரு சொற்கள் வரும். பாடத்தில் திருத்தமோ சேர்க்கையோ நேர்ந்தால் அது புதிய பதிப்பு. அதே பாடத்தை மீண்டும் அடித்தால் அது மறு அச்சு. நம் பதிப்பாளர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே ஆள்கின்றனர். நூறாண்டுப் பழமையுடைய நாவலின்மீது "முதற் பதிப்பு" என்று நேற்றைய தேதியைப் பொறிப்பதும் உண்டு. தம் கடையிலிருந்து முதன்முறை வருவதைச் சொல்கின்றாராம்.

ஆண்டே அச்சிடாத பிரதியும் வாய் திறந்து பேசும். விலை ரூபாய், அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலில் புதிய காசு வருமுன் அச்சானது எனலாம். முகவரியில் "சென்னை-17" என்பது போலச் சிற்றெண் இருந்தால் 1972க்கு முந்தியதாக இருக்கக்கூடும். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் நிச்சயமாகப் பிந்தியது. லை, னை, ணை என்னும் எழுத்துக்கள் தும்பிக்கை தூக்கி நின்றால் அது 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முற்பட்ட வழக்கு. ஆயினும் பழைய அச்செழுத்தை உடனே கைவிடாத அச்சகங்களும் உண்டு. ஆகவே இதனைத் தனிச்சான்றாகக் கொள்ளலாகாது. சர்வதேச நூல் எண் பத்திலக்கமாயின் 2007க்கு முன். பதின்மூன்றாயின் அதற்குப் பின். எங்கள் பக்கத்துப் பழம்பிரதிகளில் "வட ஆர்க்காடு மாவட்டம்" என்ற நூலக முத்திரையைக் காணலாம். அம்மாவட்டம் 1989இல் பிரிக்கப்பட்டது. முத்திரை, நூல் வாங்கப்பட்ட காலத்துக்குச் சான்றாகுமே தவிர அச்சிட்ட காலத்துக்கு ஆகாது. எனினும் அதற்குப் பின் அச்சானதன்று என்பதையாவது அது உறுதி செய்யும்.

கட்டடத்தைக் கண்டு மயங்குவோர்க்கு ஒரு வார்த்தை. தோலால் கட்டிய நூல் பழமையானது, நம்பத்தக்கது என்றொரு எண்ணம் உண்டு. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்ட ஆட்டுத்தோல் கப்பலேறி, இங்கிலாந்தில் "பாரசீகத் தோல்" என்ற பெயரோடு புத்தகம் கட்டப் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் புத்தகக் கட்டுத்தோலை ஆராய்ந்த குழுவினர், அத்தோல் வேறு பணிகளுக்கு ஏற்றதாயினும் நூல் கட்டுவதற்கு மிக மோசமானதென்றும், பன்னிரண்டு மாதத்துக்குள்ளேயே அது சிதைவுற்றதைக் கண்டதாகவும் எழுதிவைத்தனர். நம் வட்டாரத்துத் தோலைப் பற்றி இவ்வாறு எழுத எனக்கும் வருத்தமே. ஆயினும் அட்டை சான்றாகாது என்பதற்கு இதனினும் நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

இவ்வடையாளங்கள் எல்லாம் காலத்தைக் காட்டும்; பாடத்தைக் காட்டா. பாடத்தை அறிய ஒரே வழி, இரு பிரதிகளை அருகருகே விரித்து ஒப்பு நோக்குவது. அங்கே பிழைகளே நமக்கு வழிகாட்டிகள். இரண்டு பதிப்புகளில் ஒரே இடத்தில் ஒரே விசித்திரமான அச்சுப்பிழை இருக்குமாயின், ஒன்றைப் பார்த்தே மற்றொன்று கோக்கப்பட்டது என்று ஐயுறலாம். சரியான பாடம் எல்லார்க்கும் பொது. பிழைக்குத்தான் வம்சாவளி உண்டு.

நம் சமுதாயத்தார் எழுதிய நாவல்களில் காலத்தால் முந்திய அசன்பே சரித்திரத்தை எண்ணிப் பாருங்கள். கண்டியில் 1838இல் பிறந்து, வழக்கறிஞராயிருந்து, 1882இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கிய முகம்மது காசிம் சித்தி லெப்பை, 1885இல் அதனை வெளியிட்டார். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்து ஆறே ஆண்டுகள் கழிந்திருந்தன. எகிப்தின் உராபி பாஷா இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்திருந்த காலம் அது; சித்தி லெப்பை அவரோடு நட்புப் பூண்டவர். கதை எகிப்தையும் இந்தியாவையும் களமாகக் கொண்டதில் வியப்பில்லை. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று 1891இல் வந்த ஊசோன் பாலந்தை கதையைச் சொல்லிவந்த காலமும் ஒன்று இருந்தது. அதனை மாற்றியது எது? பழைய பிரதி ஒன்றின் முகப்பில் நின்ற ஓர் ஆண்டுதான். அந்நாவல் இலக்கிய வரலாற்றில் தனக்குரிய இருக்கையைப் பெறுவது நான்கு இலக்கங்களைச் சார்ந்து நின்றது.

இந்நூலை அசன்பே சரித்திரம் என்றும் அசன்பேயுடைய கதை என்றும் இரு பெயரால் வழங்குகின்றனர். நூற்பட்டியலில் இரண்டையும் காணும் மாணவன் இரு நூல்கள் என்றே கருதக்கூடும். அசன், அஸன், ஹஸன் என மூவகையாகவும் எழுதத்தக்க அப்பெயரை, இன்றைய பதிப்பாசிரியர் தம் காலத்து வழக்கத்துக்கு மாற்றிவிட விரும்பலாம். பிழை திருத்தியதாகவே அவர் நினைப்பார். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் முன் ஒரு முஸ்லிம் எழுத்தாளர் அரபுப் பெயரைத் தமிழ் எழுத்தில் எவ்வாறு அமைத்தார் என்பதற்கு அந்நூலே சாட்சி. சாட்சியின் வாயைத் திருத்தியபின் அதனிடம் நாம் எதைக் கேட்பது?

முன்னுரைகளும் இவ்வாறே. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் காதலா? கடமையா? என்னும் நாவலை வெளியிட்டபோது உ. வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். எண்பது வயதைக் கடந்த ஒரு பெரும்புலவர், இளைய முஸ்லிம் பெண் ஒருவரின் கதையை வரவேற்றார் என்பது தமிழ்ச் சமுதாய வரலாற்றில் ஒரு செய்தி. கதைக்கு அது வேண்டாத சுமை என்று மறுபதிப்பாளர் எவரேனும் எடுத்துவிட்டால், கதை குறையாது. அந்தச் செய்தி மறைந்துவிடும்.

இனி, கடினமான வினாவுக்கு வருவோம். ஆசிரியரே தம் நூலை மாற்றினால் எது மெய்யான நாவல்? தமிழில் தொடராக வந்து நூலாகும் கதைகள் பெயர் முதல் மாறுவது உண்டு. ராஜமையரின் கதை 1893 முதல் விவேக சிந்தாமணியில் "ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்" என்று வந்தது. இன்று நாம் அதன் பிற்பாதிப் பெயரையே அறிவோம். மேல்நாட்டில் மேரி ஷெல்லி 1818இல் எழுதிய ஃபிராங்கன்ஸ்டைன் நாவலை 1831இல் தாமே பெரிதும் திருத்தினார். முதற் பதிப்பில் நாயகனின் அத்தை மகளாயிருந்த எலிசபெத், பிற்பதிப்பில் எடுத்து வளர்த்த பெண்ணாகின்றாள். டிக்கன்ஸ் தம் கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் நாவலின் முடிவை, நண்பர் ஒருவரின் யோசனைப்படி, 1861இல் அது வெளிவருமுன் மாற்றி எழுதினார். கைவிட்ட முடிவை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஃபார்ஸ்டர் 1874இல் வெளிப்படுத்தினார். இறுதியாக எழுதியதே ஆசிரியரின் விருப்பம் என்பர் ஒரு சாரார். முதலில் ஊற்றெடுத்ததே உண்மை என்பர் மற்றொரு சாரார்.

மதரஸாவில் ஓதியவர்க்கு இவ்வழக்குப் புதிதன்று. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா ஒரு நூல்தான். ஆனால் இமாமவர்கள் அதனை ஆண்டுக்கணக்காகக் கற்பித்தும் செப்பம் செய்தும் வந்தார்கள். வெவ்வேறு காலத்தில் வந்து கேட்ட மாணாக்கர் வெவ்வேறு வடிவில் எடுத்துச் சென்றனர். அந்தலூசியாவின் யஹ்யா கொண்டு சென்றது ஒன்று. இமாம் முஹம்மத் ஷைபானீ கொண்டு சென்றது மற்றொன்று. அறிஞர்கள் இரண்டையும் கலந்து மூன்றாவது ஒன்றைச் செய்யவில்லை. ஒன்றைப் பொய்யென்று எரிக்கவும் இல்லை. ஒவ்வொன்றையும் அதனதன் ராவியின் பெயரோடு வைத்துக்கொண்டனர். இவ்வளவே நான் வேண்டும் தீர்வு. 1818ஆம் ஆண்டின் நாவலும் இருக்கட்டும்; 1831ஆம் ஆண்டினதும் இருக்கட்டும்; இது இன்னது என்று நெற்றியில் எழுதியிருக்கட்டும்.

ஸஹீஹுல் புகாரியின் கதை இன்னும் சிறப்புடையது. ஹிஜ்ரி 256இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் தொகுப்பு, மாணாக்கர் வழியாகவும் அவர்தம் மாணாக்கர் வழியாகவும் பரவியபோது சிற்சில சொல் வேறுபாடுகள் தோன்றின. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் யூனீனீ என்னும் அறிஞர் அவற்றையெல்லாம் ஒப்பிட்டு ஒரு பிரதியைச் செம்மை செய்தார். சுல்தான் அப்துல் ஹமீதின் ஆணைப்படி, கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் ஹிஜ்ரி 1311 முதல் 1313 வரை, அஃதாவது 1893க்கும் 1895க்கும் இடையில், அப்பிரதியைத் தழுவிய பதிப்பு வெளிவந்தது. அதன் ஓரங்களில் சிறு சிறு எழுத்துக்கள் நிற்கும். இந்தச் சொல் அபூதர்ரின் வழியில் இவ்வாறு, அஸீலீயின் வழியில் இவ்வாறு, இப்னு அஸாகிரின் வழியில் இவ்வாறு என்று ஒவ்வொரு குறியும் ஒரு மனிதரைச் சுட்டும். கமலாம்பாள் சரித்திரம் தமிழில் மாதந்தோறும் வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இத்துணை நேர்மையோடு ஒரு நூல் அச்சாகிக்கொண்டிருந்தது.

நாவலை ஹதீஸோடு ஒப்பிடுவதா என்று சினங்கொள்ள வேண்டா. புனிதத்தில் ஒப்புமை சொல்லவில்லை. அவ்வாறு சொல்ல நான் துணியேன். பிறர் சொல்லைச் சுமந்து செல்பவனுக்குரிய கடமையிலேதான் ஒப்புமை. அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்னும் கட்டளை, அமானிதம் பொற்காசாயினும் பொதிச்சோறாயினும் ஒன்றே.

நம் முஹத்திஸ்கள் வகுத்த கலைச்சொற்கள் சிலவற்றை இங்கே எடுத்தாண்டால் வழக்கு விளங்கும். புள்ளியோ எழுத்தோ மயங்கி ஒரு சொல் வேறாகப் படிக்கப்படுவதை அவர்கள் தஸ்ஹீஃப் என்றனர். அது அச்சுப்பிழைக்கு அண்ணன். ராவி தம் விளக்கத்தை மூலச் சொற்களோடு கலந்து, எது எவருடையது என்று தெரியாமல் செய்துவிடுவதை இத்ராஜ் என்றனர். பதிப்பாசிரியர் தம் வாக்கியத்தை ஆசிரியரின் பத்திக்குள் நுழைப்பது அதுவே. தாம் எவரிடமிருந்து பெற்றார் என்பதை மறைத்து, மேலிருப்பவரிடமே நேரில் கேட்டதுபோலத் தோன்றச் செய்வது தத்லீஸ். பக்கத்துக் கடையின் மலிவுப் பிரதியைப் பார்த்துக் கோத்துவிட்டு "மூலப் பதிப்பின்படி" என்று போடுவதற்கு இதனினும் பொருத்தமான பெயர் இல்லை. தஸ்ஹீஃபை மன்னித்தனர், மனிதக் கண் தவறும். தத்லீஸைக் கடிந்து பேசியோர் அவர்களுள் பலர்.

எல்லாவற்றினும் பயனுடையது ஒன்றுண்டு. சொல்லுக்குச் சொல் அறிவிப்பது ஒரு முறை. கருத்தைத் தம் சொல்லில் அறிவிப்பது மற்றொரு முறை. பின்னையதையும் மொழியறிவுடையார்க்குப் பெரும்பாலோர் அனுமதித்தனர். நம் பள்ளிவாசல் பயான்களில் ஹதீஸைச் சொல்லி முடிக்கும் ஆலிம், "அவ் கமா கால" என்று சேர்த்துச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "அல்லது அவர்கள் சொன்ன விதமாக" என்பது அதன் பொருள். நான் தந்தது கருத்து. சொல்லில் என் நா தவறியிருக்கலாம் என்னும் ஒப்புதல் அது. சுருக்கப் பதிப்புக்கும் சிறுவர் பதிப்புக்கும் மொழி எளிமையாக்கிய பதிப்புக்கும் நான் எதிரி அல்லேன். அவற்றின் முகப்பில் ஓர் "அவ் கமா கால" வேண்டும். அந்த மாணவியின் புத்தகத்தில் இல்லாது போனது அதுதான்.

என் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் தோல் கம்பெனியில் ரகம் பிரிக்கும் பகுதியில் முப்பதாண்டுகள் இருந்தவர். மயிர்க்கால்கள் அமைந்த வரிசையைக் கண்ணால் பார்த்தே இது வெள்ளாடு, இது செம்மறி என்று சொல்லிவிடுவார். முள் கீறிய வடுவும் உண்ணி கடித்த தழும்பும் நிறைந்த தோலை மேலே தேய்த்து, வண்ணம் பூசி, தகட்டால் அழுத்திப் பொய்யான மயிர்க்கால்களைப் பதிப்பார்களாம். "பூசினதுக்கு அப்புறம் எல்லாம் ஒரே முகம்தான் பாய்" என்றார். அது மோசடி அன்றோ என்று கேட்டேன். அவர் சிரித்தார். மேல்முகம் தேய்த்த சரக்குக்குத் தனிப்பெயரும் தனிவிலையும் உண்டாம். பெயரை மாற்றிச் சொல்லி விற்றால்தான் மோசடி, சரக்கே திரும்பி வந்துவிடும் என்றார். நூல் வணிகத்தில் சரக்குத் திரும்பி வருவதில்லை.

தழும்பு என்றேன். நாவலில் தழும்பு எது? நம்மவர் கதைகளில் அது பெரும்பாலும் நம் பேச்சு. தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை முஸ்லிம் முரசில் தொடராக வந்து 1988இல் நூலாயிற்று. தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரை முஸ்லிம்களின் நாவோட்டம் அதில் அப்படியே கிடக்கின்றது. வீட்டில் உர்து பேசி, பள்ளியில் தமிழ் கற்ற எங்கள் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்கு அத்தமிழ் எளிதன்று. என் வீட்டிலேயே கண்டிருக்கின்றேன். அவர்களுக்காக அச்சொற்களைப் பொதுத்தமிழாக மாற்றித் தரலாகாதா என்று ஓர் ஆசிரிய நண்பர் கேட்டார். கேள்வியில் பரிவு இருந்தது. ஆகவே எளிதில் தள்ள முடியவில்லை. ஆயினும் மாற்றிய மறுகணம் அந்த ஊரே காணாமற் போகும். மீதமிருப்பது யாரோ ஒரு முதலாளி, யாரோ ஒரு மீனவன் என்னும் எலும்புக்கூடு. பின்பக்கத்தில் சொற்பொருள் அகராதி ஒன்று போதுமே. பிள்ளை இருமுறை புரட்டுவான். மூன்றாம் முறை அச்சொல் அவனுடையதாகிவிடும்.

அமெரிக்காவில் 2011இல் மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலில், கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொல் வருமிடமெல்லாம் "அடிமை" என்று மாற்றிய பதிப்பொன்று வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் மனம் புண்படலாகாது என்பது பதிப்பாசிரியரின் கருத்து. அம்மாற்றம் தவறென்றே நான் கொள்கின்றேன். கொடுமையின் நாற்றத்தை நீக்கிவிட்டால் கொடுமை இருந்ததென்று நம்ப யாரும் இருக்கமாட்டார்கள். எனினும் அவர் செய்ததைத் தம் முன்னுரையிலேயே சொல்லிச் செய்தார். சொன்னதனால்தான் உலகம் அவரோடு வாதிட முடிந்தது. சொல்லாமல் செய்பவரோடு வாதிடுவதற்கும் வழியில்லை.

சட்டம் காக்காதா என்பீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவு, தம் படைப்பைத் தம் மதிப்புக்குக் கேடாகச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையை ஆசிரியருக்குத் தருகின்றது. அவர்க்குப் பின் அவருடைய சட்டப் பிரதிநிதிகளும் வழக்காடலாம். 1898இல் கண் மூடிய சித்தி லெப்பைக்காக இன்று எவர் வழக்கு மன்றம் ஏறுவர்? ஆசிரியர் மறைந்து அறுபதாண்டு கழிந்தால் நூல் பொதுச்சொத்து. அநாதையின் சொத்தைப் பற்றி நம் மார்க்கம் எத்துணை அச்சுறுத்திச் சொல்லியிருக்கின்றது என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. ஏட்டுப் பிரதிகளின் பாடபேதங்களை அடிக்குறிப்பில் வைக்கும் வழக்கத்தைச் சாமிநாதையர் நிலைநாட்டினார். மர்ரே எஸ். ராஜம் 1950களில் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து, எளியோரும் வாங்கும் விலையில் தந்தார். பிரித்திருக்கின்றோம் என்று சொல்லியே தந்தார். செய்யுளுக்குக் காட்டிய அக்கறையை உரைநடைக் கதைக்கும் காட்டலாம் என்பதற்கு, ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் வந்த புதுமைப்பித்தன் கதைகள் செம்பதிப்பு சான்று. ஒவ்வொரு கதையும் எந்த இதழில் எந்நாளில் வந்தது, நூலில் என்ன மாறிற்று என்று அதில் குறிக்கப்பட்டது. நம் நாவல்களுக்கும் இந்த உபசாரம் வேண்டும். அசன்பே சரித்திரத்தை இனி அச்சிடுவோர், 1885ஆம் ஆண்டுப் பிரதியைக் கண்டார்களா, காணாமல் பிற்பதிப்பு ஒன்றைத் தழுவினார்களா, இரு பெயர்களில் எதனை ஏன் கொண்டார்கள், எழுத்தைப் புதுக்கினார்களா, பத்தி பிரித்தார்களா என்று முதற்கண் எழுதட்டும். கல்கியைச் சுருக்குவோர் சுருக்கியவரின் பெயரையும் விடப்பட்ட அத்தியாயங்களின் எண்களையும் போடட்டும்.

செலவாகும் என்று ஒரு பதிப்பாள நண்பர் சொன்னார். நூல்கள் பதினாறு பதினாறு பக்கமாகவே மடிக்கப்படுகின்றன. கதை முடிந்தபின் ஒன்றிரண்டு பக்கங்கள் பெரும்பாலும் வெற்றாகவே கிடக்கின்றன. நான் கேட்பது அவற்றுள் ஒன்றை.